வாளித் தண்ணீரில் போட்டது தோலில் என்ன செய்கிறது?

கத்திரி வெயில் தொடங்கி மூன்று நாள்கூட ஆகவில்லை, என் மகளுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. ஆறு வயது. நாங்கள் இருப்பது மொட்டை மாடிக்குக் கீழே உள்ள வீடு, மதியம் சுவரைத் தொட்டாலே சுடும். கழுத்தில் ஆரம்பித்து இடுப்பு வரை சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது. ராத்திரி தூக்கத்திலும் சொறிந்துகொண்டே இருந்தாள்.

மூன்று நாளில் ஐந்து வைத்தியம் செய்துவிட்டேன். அம்மா போனில் சொன்னார் என்று முதல் நாள் குளிக்கும் தண்ணீரில் ஒரு கைப்பிடி கல்லுப்பு. மறுநாள் காலை, கீழ்வீட்டு அக்கா சொன்ன ஆப்ப சோடா. அன்று சாயங்காலம் சோடாவோடு எலுமிச்சம்பழச் சாறும். மூன்றாம் நாள் வேப்பிலை. எதற்கும் இருக்கட்டும் என்று அதே வாளியில் இரண்டு மூடி கிருமிநாசினி. நான்காம் நாள் வேர்க்குரு அப்படியே இருந்தது. அதைச் சுற்றியிருந்த நல்ல தோலும் சிவந்து, தொட்டால் உப்புத்தாள் போல இருந்தது. தண்ணீர் பட்டாலே "எரியுதும்மா" என்று அழுதாள்.

தோல் மருத்துவர் பார்த்தார். திட்டவில்லை. "சோடாவை எதுக்காகப் போட்டீங்க? அது தோல்ல என்ன செய்யும்னு நெனச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். எல்லாரும் போடுகிறார்கள் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. உப்புக்கும் இல்லை, வேப்பிலைக்கும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் இதெல்லாம் எந்த வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன்.

முதலில் வேர்க்குருவையே எடுத்துக்கொள்வோம். வியர்வைச் சுரப்பியிலிருந்து தோலின் மேற்பரப்புக்கு மெல்லிய குழாய் ஒன்று வருகிறது. புழுக்கத்தில் தோல் ஈரத்திலேயே ஊறிக் கிடந்தால் அந்தக் குழாயின் வாய் அடைபட்டுவிடும். உள்ளே வியர்வை சுரந்துகொண்டே இருக்கும், வெளியேற வழி இருக்காது. அது பக்கத்துத் திசுவுக்குள் கசிந்து அரிக்கிறது, சிவக்கிறது. அவ்வளவுதான் வேர்க்குரு. இது தெரிந்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இதில் உப்புக்கு என்ன வேலை என்பதுதான். வியர்க்காமல் பார்த்துக்கொண்டால் சில நாளில் குழாய் தானாகத் திறந்துகொள்ளும். காற்றோட்டமான அறை, மெல்லிய பருத்திச் சட்டை, ஒன்றும் கலக்காத குளிர்ந்த தண்ணீர். மருத்துவர் சொன்னதும் இதைத்தான். நுங்குத் தண்ணீரைத் தடவினால் இதமாக இருப்பதற்கும் காரணம் இதுவே: தோலின் மேல் உள்ள ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அந்த வேலையைப் பச்சைத் தண்ணீரும் செய்யும். எண்ணெயும் களிம்பும் அப்பினால் அடைப்புதான் கூடும்.

சுவரும் சாந்தும்

குளியல் வைத்தியம் எதுவானாலும் அது நடக்கிற இடம் ஒன்றுதான்: தோலின் ஆக மேலே உள்ள உயிரற்ற அடுக்கு. உள்ளங்கை, உள்ளங்கால் தவிர உடம்பின் பெரும்பாலான இடங்களில் இதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமனில் கால் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு மெல்லிய ஒன்றுதான் நம்மை வெயிலில் கருவாடாகக் காய்ந்துபோகாமல் காப்பாற்றுகிறது.

இதைச் செங்கல் சுவரோடு ஒப்பிடுவது தோல் மருத்துவத்தில் வழக்கம். தட்டையான, செத்துப்போன செல்கள் செங்கல். அவற்றுக்கு நடுவே சாந்து மாதிரிக் கொழுப்பு: செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். சாந்து சரியாக இருந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாது, வெளியே இருப்பது உள்ளே வராது. கீழே பிறந்த செல் மேலே வந்து உதிர்வதற்குச் சுமார் நான்கு வாரம் ஆகிறது.

எது இந்தச் சுவரைத் தாண்டும்? 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை எளிய கணக்கு ஒன்றைச் சொன்னது: மூலக்கூறின் எடை 500 டால்டனுக்கு (மூலக்கூறுகளை எடைபோடும் அலகு) மேல் போனால், காயமில்லாத தோலைத் தாண்டி உள்ளே போவது அரிது. சின்ன மூலக்கூறாக இருந்தால் மட்டும் போதாது, கொழுப்பிலும் கொஞ்சம் கரைய வேண்டும். உப்பு போன்றவை தண்ணீரை விரும்புகிறவை, கொழுப்புச் சாந்துக்குள் நுழைய அவற்றுக்குப் பிடிக்காது. "குளிக்கிற தண்ணீரில் இதைப் போட்டால் உடம்பில் உள்ள நச்சையெல்லாம் இழுத்துவிடும்" என்று யாராவது சொன்னால் இந்தச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். நச்சை வெளியேற்றும் வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. அவை குளியலறைக்கு வெகு தூரத்தில் இருக்கின்றன.

சுவருக்கு இன்னொரு குணமும் உண்டு, அது லேசாகப் புளிப்பானது. அதாவது அமிலத்தன்மை உள்ளது. இதை அளக்கத்தான் பி.எச் என்ற அளவுகோல். 1909-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் சோரன்சென் உருவாக்கியது. 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஒவ்வோர் எண்ணுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். தோலின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டி இருக்கும். 1928-இல் ஷாடே, மார்கியோனினி என்ற இரண்டு ஜெர்மன் மருத்துவர்கள் இதற்கு "அமிலப் போர்வை" என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். நாம் தேய்க்கிற சாதாரணக் குளியல் சோப்போ 9 அல்லது 10. ஐந்து எண் தள்ளி இருக்கிறது என்றால் ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம்.

இந்தப் புளிப்பு வெறும் அலங்காரம் இல்லை. சாந்துக்கான கொழுப்பைத் தயார் செய்யும் நொதி அமிலச் சூழலில்தான் ஒழுங்காக வேலை செய்யும். செங்கல்லைச் செங்கல்லோடு பிணைத்திருக்கும் கொக்கிகளை அறுக்கிற நொதிகளும் தோலில் உண்டு, காரம் ஏறினால் அவற்றுக்கு வேகம் வந்துவிடும். ஒரு பக்கம் சாந்து குறைகிறது, இன்னொரு பக்கம் கொக்கி அறுகிறது. என் மகளின் முதுகு உப்புத்தாள் மாதிரி ஆனதற்கு இதுதான் காரணம். நல்ல தோல் என்றால் ஒரு சோப்புக் குளியலுக்குப் பிறகு சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். கைக்குழந்தையின் தோலும், கரப்பான் (எக்சிமா) வந்த தோலும், ஏற்கெனவே சொறிந்து புண்ணான தோலும் அவ்வளவு சீக்கிரம் மீளாது. வைத்தியம் செய்யத் தோன்றுவதோ அந்தத் தோலுக்குத்தான்.

வெந்நீரும் ஒரு மருந்துப் பொருள் மாதிரிதான் வேலை செய்கிறது என்பதை நான் யோசித்ததே இல்லை. சூடு கூடக்கூட அந்தக் கொழுப்புச் சாந்து தளர்ந்து தண்ணீரோடு போகிறது. அரிக்கிற இடத்தில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அந்த நிமிடம் சொர்க்கமாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் இரண்டு மடங்கு அரிக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பாத நரம்புகள் மரத்திருந்தால் சூடு தெரியாது. கால் வலிக்கிறது என்று உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்து, தோல் வெந்து கொப்புளமான பிறகுதான் தெரியவரும். அவர்கள் அந்த வைத்தியத்தையே விட்டுவிடுவது நல்லது.

தொட்டியா, வாளியா?

இணையத்திலும் வாட்ஸ்ஆப்பிலும் வருகிற குளியல் குறிப்புகளில் பாதிக்கு மேல், ஆள் படுத்துக் கிடக்கும் குளியல் தொட்டிக்காக எழுதப்பட்டவை. "அரை கப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஊறுங்கள்" என்று இருக்கும். அந்தத் தொட்டியில் 150 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். நம் வீட்டு வாளியில் 15 அல்லது 20 லிட்டர். நாம் ஊறுவதும் கிடையாது. ஒரு மக் மொண்டு ஊற்றினால் முதுகில் பட்டுக் கீழே வழிந்தோட இரண்டு, மூன்று விநாடி. எனவே அதே அரை கப்பை வாளியில் போட்டால் இரண்டு தவறு ஒரே நேரத்தில் நடக்கிறது: செறிவு ஏழெட்டு மடங்கு கூடிவிடுகிறது, படுகிற நேரம் சில விநாடியாகச் சுருங்கிவிடுகிறது. பலன் வேண்டுமானால் நேரம் போதாது, கெடுதல் என்றால் அளவு அதிகம்.

உப்புக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். அன்று எடுத்தது போலவே ஒரு கைப்பிடி கல்லுப்பை எடுத்துச் சமையல் தராசில் வைத்தேன். 48 கிராம். எங்கள் வாளி 18 லிட்டர். லிட்டருக்கு மூன்று கிராம்கூட வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைனில், நம் ரத்தத்தின் உப்புக்கு ஈடாக, லிட்டருக்கு 9 கிராம் இருக்கிறது. கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம். ஊறுகாயில் உப்பு மாங்காயிலிருந்து தண்ணீரை இழுக்கிறதே, அதற்குக் காரணம் வெளியே உள்ள உப்பு உள்ளே இருப்பதைவிட அதிகம் என்பதுதான். என் வாளித் தண்ணீரோ உடம்பைவிட உப்புக் குறைந்தது. அது எதையும் வெளியே இழுக்க முடியாது. உப்புத் தண்ணீர் கெடுதலா என்றால், நல்ல தோலில் ஒன்றும் செய்யாது, சொறிந்த இடத்தில் எரியும்.

எப்சம் உப்பும் இப்போது ஆன்லைனில் நிறைய விற்கிறது. இங்கிலாந்தில் எப்சம் என்ற ஊரின் ஊற்றுநீரிலிருந்து பெயர் வந்தது, பொருள் மக்னீசியம் சல்பேட். உடம்பு வலிக்கு அதில் ஊறினால் மக்னீசியம் தோல் வழியாகப் போய்த் தசையைத் தளர்த்தும் என்கிறார்கள். அப்படிப் போவதற்கு உறுதியான சான்று கிடையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் அசையாமல் கிடந்தால் தசை தளரத்தான் செய்யும், உப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். மூலக்கடுப்புக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரச் சொல்வதும் இதே கதைதான், இதம் தருவது சூடு.

தொட்டிக்கும் வாளிக்கும் உள்ள வித்தியாசம் ஆபத்தாகவே மாறுகிற இடம் ஒன்று உண்டு. கடுமையான கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு வெளிநாட்டு மருத்துவர்கள் சிலசமயம் பிளீச் கலந்த குளியலைச் சொல்வார்கள். கேட்கவே பயமாக இருக்கும், ஆனால் அளவு மிகக் குறைவு: 150 லிட்டர் தொட்டிக்கு அரை கப், அதாவது 0.005 சதவீதத்துக்குப் பக்கம். வாரத்துக்கு இரண்டு முறை, ஐந்து பத்து நிமிடம், பிறகு நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். அதற்கும் பலன் உண்டா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, நம் ஊர் பிளீச்சிங் பவுடரை வாளியில் ஒரு ஸ்பூன் போட்டால் அளவு தப்பித் தோல் புண்ணாகலாம். அதோடு எலுமிச்சை, வினிகர், கழிவறை கழுவும் அமிலம் எது சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது நுரையீரலுக்கு விஷம். மருத்துவர் அளவு எழுதிக் கொடுக்காமல் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

சோடாவும் எலுமிச்சையும்

கடையில் "சோடா உப்பு குடுங்க" என்று கேட்டால் என்ன கிடைக்கும் என்பது கடைக்காரரைப் பொறுத்தது. ஆப்ப சோடா என்பது சோடியம் பைகார்பனேட். தண்ணீரில் கரைத்தால் பி.எச் 8-ஐக் கொஞ்சம் தாண்டும். சலவை சோடா சோடியம் கார்பனேட், அது 11-க்குப் போகும். காஸ்டிக் சோடா இன்னும் மேலே, அது தோலை அரித்தே தின்றுவிடும். மூன்றுமே வெள்ளை, மூன்றுக்கும் பெயரில் சோடா. பொட்டலத்தில் மடித்துக் கொடுத்தால் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆப்ப சோடாவே அன்றாடம் போட்டால் தோலின் புளிப்பைக் குலைக்கும். தண்ணீர் வழவழப்பாக மாறுவதால் தோல் மிருதுவானது போலத் தோன்றும், அது தண்ணீரின் வழவழப்பு.

சோடாவில் எலுமிச்சையைப் பிழிந்தபோது வாளியில் நுரை பொங்கியது. அந்த நுரையைப் பார்த்ததும் "ஏதோ வேலை செய்கிறது" என்று நிம்மதியாக இருந்தது எனக்கு. உண்மையில் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டன. பொங்கியது கரியமில வாயு. மிச்சம் இருந்தது சிட்ரேட் உப்பு கரைந்த தண்ணீர். அதாவது இரண்டு மருந்து போட்டதாக நினைத்து இரண்டையும் வீணாக்கியிருந்தேன்.

எலுமிச்சையைத் தனியாகத் தேய்ப்பது இன்னும் மோசம். நம்மூர் சின்ன எலுமிச்சையின் சாற்றிலும் தோலிலும் ஃபியூரோகூமரின் என்ற வகைப் பொருட்கள் உண்டு. அவை தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், வெயிலின் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து தோலைச் சுட்டுவிடும். அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துச் சிவக்கும், சிலருக்குக் கொப்புளம் வரும், பிறகு பழுப்புத் தழும்பு வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் நிற்கும். சாறு வழிந்த தடம் அப்படியே கோடு கோடாகத் தெரியும். கருமை போகட்டும் என்று காலையில் முழங்கையில் எலுமிச்சை தேய்த்துக்கொண்டு, சரியாக அலசாமல் வெயிலில் கிளம்புகிறவர்களுக்கு இது நடக்கிறது. இரண்டு நாள் முந்தைய எலுமிச்சையை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

படிகாரத்தையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டில் போர் தண்ணீருக்கு அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம். கலங்கிய ஆற்றுத் தண்ணீரில் படிகாரக் கட்டியை நாலு சுற்றுச் சுற்றி விட்டுவிட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்குள் சின்னச் சின்னப் பஞ்சுத் துணுக்கு மாதிரித் திரளும். அலுமினியம் ஹைட்ராக்சைடு கூழ் அது. மண் துகள்களை ஒட்டவைத்துக்கொண்டு மெல்ல அடியில் போய் உட்காரும், மேலே தண்ணீர் தெளியும். குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் இதே முறைதான். ஆனால் போர் தண்ணீர் ஏற்கெனவே தெளிவாகத்தான் இருக்கிறது. அதை நாம் "உப்புத் தண்ணி" என்கிறோமே, அந்த உப்பு கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும். படிகாரம் அவற்றைத் தொடாது. அவை சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திரையாகப் பக்கெட் ஓரத்தில் படிகின்றன, அதே திரை தோலிலும் படிந்து வறட்சியையும் அரிப்பையும் கொடுக்கிறது. சோப்பைக் குறைத்து, கடைசி இரண்டு மக் நல்ல தண்ணீரில் அலசியதும் எங்களுக்கு வித்தியாசம் தெரிந்தது. மழைக்காலத்தில் பிடித்து வைத்த தண்ணீர் இதற்கு அருமையானது.

வேலை செய்கிறவையும் உண்டு

ஓட்ஸ் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாவாக அரைத்த ஓட்ஸைத் தோல் காக்கும் பொருள் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2003-இல் அங்கீகரித்திருக்கிறது. அதில் உள்ள பீட்டா குளூக்கன் பெரிய மூலக்கூறு, உள்ளே போகாது, மேலேயே மெல்லிய ஈரப் படலமாக நிற்கும். படலம்தான் நமக்கு வேண்டியது, எனவே உள்ளே போகாதது இங்கே நல்லதாகிவிடுகிறது. கூடவே அரிப்பைத் தணிக்கும் அவெனந்த்ரமைடு என்ற பொருளும் கொஞ்சம் உண்டு. மிக்ஸியில் நைஸாக அரைக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினால் பால் மாதிரி வெள்ளையாக வேண்டும். அடியில் மணல் போலத் தங்கினால் அரைத்தது போதாது. நமக்குத் தொட்டி இல்லை, ஆகவே வாளியில் கரைத்து ஊற்றுவதைவிட, கரைசலில் மெல்லிய துணியை நனைத்து அரிக்கும் இடத்தில் பத்து நிமிடம் போட்டுவைப்பது மேல். நேரம் கிடைக்கிறது அல்லவா? தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

எண்ணெய்க் குளியலும் அதேபோலப் படலம்தான். நல்லெண்ணெய் தோலின் மேல் நின்று ஈரம் ஆவியாவதைத் தடுக்கிறது. அப்புறம் சீயக்காய். அதில் உள்ள சபோனின் என்ற பொருளுக்கு ஒரு முனை தண்ணீரைப் பிடிக்கும், இன்னொரு முனை எண்ணெயைப் பிடிக்கும், அதனால்தான் நுரைக்கிறது, எண்ணெயை எடுக்கிறது. பாட்டி "ரொம்பத் தேய்க்காதே, கொஞ்சம் எண்ணெய் நிக்கட்டும்" என்று சொன்னதன் அருமை எனக்கு இப்போதுதான் புரிகிறது. பிசுக்கே இருக்கக் கூடாது என்று மூன்று முறை அலசினால் எண்ணெய் தேய்த்ததற்கே அர்த்தமில்லை. பொடுகு இருக்கிறவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. பொடுகோடு தொடர்புள்ள மலசீசியா என்ற பூஞ்சைக்குக் கொழுப்புதான் சாப்பாடு. தலையில் எண்ணெயை ஊறவைத்தால் அதற்கு விருந்து வைத்த மாதிரி.

பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது மூக்கில் இரண்டு சொட்டு விடும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. சளி எடுக்கிறேன் என்று செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எண்ணெய்க்கு இருமலைத் தூண்டும் எரிச்சல் கிடையாது, சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அங்கிருந்து அதை வெளியேற்ற உடம்புக்கு வழி இல்லை, நிமோனியாவாக மாறுகிறது. தென்னிந்தியக் குழந்தைகளிடம் இப்படி வந்ததை 1973-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். ஐம்பது வருஷம் தாண்டியும் இந்தச் செய்தி குளியலறைக்கு வந்து சேரவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

வேப்பிலையும் தானாகப் போகிற நோயும்

வேப்பிலையைப் பற்றிப் பேசும்போது எனக்கும் மனதில் ஒரு தயக்கம் வருகிறது, அதில் அம்மன் இருக்கிறாள். மரியாதையோடுதான் சொல்கிறேன். வேம்பின் கசப்புப் பொருட்கள் ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை அடக்குவது உண்மை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. ஒரு கொத்தை அண்டாவில் போட்டு வெயிலில் வைத்தால் தண்ணீருக்கு வருவது கொஞ்சம்தான்.

அப்படியென்றால் அம்மை எப்படி இறங்கியது? சின்னம்மை பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே இறங்கிவிடும் நோய். பத்தாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால், இறக்கியது தண்ணீர் என்று தோன்றத்தான் செய்யும். அந்த வழக்கத்தில் நல்லவையும் இருந்தன: வாசலில் வேப்பிலை பார்த்தால் யாரும் உள்ளே வர மாட்டார்கள், நோயாளிக்குத் தனிப் படுக்கை, மெல்லிய வேட்டி. கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை தொற்றும் நோய்க்கு அது சரியான ஏற்பாடு. குறை, அதுவரை குளிக்கவே விடாமல் வைத்திருப்பது. சொறிந்த இடத்தில் அழுக்கு சேர்ந்து சீழ் பிடிக்கிறது. தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லக் குளிப்பாட்டலாம். பெரியவர்களுக்கோ கர்ப்பிணிக்கோ அம்மை வந்தால், மூச்சு வாங்கினால், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

அக்கிக்கும் காரணம் சின்னம்மையைத் தரும் அதே வைரஸ்தான். சின்னம்மை போன பிறகு நரம்பில் ஒளிந்திருந்து வருஷங்கள் கழித்துக் கிளம்புகிறது. குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்வதும், அதன் மேல் தண்ணீர் படாமல் பார்ப்பதும் கிராமங்களில் இன்னும் உண்டு. அக்கியும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகக் காய்ந்துவிடும், பெயர் காவிக்குப் போகும். ஆனால் வைரஸ் மருந்துக்கு ஒரு கெடு இருக்கிறது: கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். வயதானவர்களுக்குக் கொப்புளம் ஆறிய பிறகும் நரம்பு வலி மாதக்கணக்கில் நிற்பதுண்டு. கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் பார்வைக்கே ஆபத்து.

இதற்கு நேர்மாறானது, தானாகப் போகவே போகாத சொறி சிரங்கு. உறவில் ஒரு வீட்டில் நாலு பேருக்கும் அரிப்பு. மூன்று மாதமாக வேப்பிலை, மஞ்சள், உப்பு என்று மாற்றி மாற்றிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். சூடு என்றார்கள், தண்ணீர் சேரவில்லை என்றார்கள். ராத்திரியானால் அரிப்பு கூடும், விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் பொரிப்பொரியாக இருக்கும். நான் முன்னே சொன்ன அதே செங்கல் சுவருக்குள், அரை மில்லிமீட்டருக்கும் சின்னதான பூச்சி ஒன்று வளை தோண்டி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. சுவரின் மேல் வழிந்தோடும் தண்ணீர் அந்த வளைக்குள் எட்டாது. மருத்துவர் கொடுத்தது 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு. வீட்டில் அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாரும் ஒரே ராத்திரி, கழுத்திலிருந்து கால் விரல்வரை, நகத்துக்கு அடியிலும் பூசிக்கொண்டு காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். துணிமணி, போர்வையெல்லாம் வெந்நீரில் துவைக்க வேண்டும், துவைக்க முடியாததை மூட்டையாகக் கட்டிச் சில நாள் ஒதுக்கி வைக்க வேண்டும்.

பூச்சி செத்த பிறகும் இரண்டு, மூன்று வாரம் அரிப்பு இருக்கும் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். அந்த வீட்டுப் பாட்டி, "அதுவரைக்கும் வேப்பிலைத் தண்ணி ஊத்திக்கலாமாம்மா?" என்று கேட்டிருக்கிறார். தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள், வெதுவெதுப்பாக மட்டும் இருக்கட்டும் என்றாராம்.